பருவக்காற்றும் வெப்பமண்டலக் கடல் அலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் நிற்கும் எவரும் முதலில் பார்ப்பது அலையின் உயரத்தைத்தான். உயரம் பாதிக் கதை. ஒரு முகடு வந்து போனபின் அடுத்தது வர எத்தனை விநாடி ஆகிறது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. அந்த அலை இங்கே வீசும் காற்றுக்குப் பிறந்ததா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எப்போதோ ஓய்ந்துபோன புயலுக்குப் பிறந்ததா என்பதை அந்த இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். கீழே உள்ள பதில்களில் இந்த விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

காற்று தண்ணீரில் எப்படி அலையை எழுப்புகிறது?

காற்றில்லாத அதிகாலையில் கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். அப்போது சின்னதாக ஒரு காற்று வந்து படும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கறுத்துச் சொரசொரப்பாகும். காற்று நகர நகர அந்தக் கறுப்புத் திட்டும் கூடவே நகரும். காற்று நின்றால் சில விநாடிகளில் மறைந்துவிடும். அந்தத் திட்டு முழுக்க ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள்தான். நீரின் பரப்பு இழுவிசை அவற்றை உடனுக்குடன் தட்டையாக்கப் பார்க்கும்.

காற்று விடாமல் வீசினால் ஆட்டம் மாறுகிறது. வழவழப்பான பரப்பைவிடச் சொரசொரப்பான பரப்பில் காற்றுக்குப் பிடிமானம் அதிகம். அலையின் முதுகில் அழுத்தம் கூடுகிறது, மறைவான பக்கத்தில் குறைகிறது. அந்த வித்தியாசம் அலையைத் தள்ளி வளர்க்கிறது. அலை வளர்ந்தால் பிடிமானமும் வளர்கிறது. 1957இல் ஓவன் பிலிப்ஸ், ஜான் மைல்ஸ் என்ற இருவர் தனித்தனியாக இதற்குக் கணிதம் எழுதினார்கள். வெற்றுப் பரப்பில் முதல் சிற்றலை எப்படித் தோன்றும் என்பது பிலிப்ஸின் கேள்வி. தோன்றிய அலை எப்படி வளரும் என்பது மைல்ஸின் கேள்வி.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான். அலைகள் தங்களுக்குள் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன. குட்டையான அலைகளில் சேர்ந்த ஆற்றலில் ஒரு பங்கு நீளமான அலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. 1960களில் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் கிளாஸ் ஹாசல்மன். பின்னாளில், 2021இல், பருவநிலை ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பெற்ற அதே ஹாசல்மன்தான்.

அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை எது தீர்மானிக்கிறது?

காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடும் தூரம். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். குளத்தின்மேல் எவ்வளவு பலமான காற்று வீசினாலும் குளத்தில் மூன்று மீட்டர் அலை வராது, ஓடுவதற்கு இடம் கிடையாது.

நேரமும் தூரமும் தாராளமாகக் கிடைத்துவிட்டால் மிச்சம் வேகம்தான். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, சுமார் 2 மீட்டர் அலையை எழுப்பும். காற்றை விநாடிக்கு 15 மீட்டராக்கினால் அலை 3 மீட்டர் ஆகும் என்று தோன்றும். ஆகாது, 5 மீட்டரை நெருங்கிவிடும். உயரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது, அலையின் ஆற்றலோ உயரத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. ஆக, காற்று ஒன்றரை மடங்கானால் அலையின் ஆற்றல் ஐந்து மடங்காகிறது. பருவம் மாறும்போது காற்று 'கொஞ்சம்தான்' கூடியிருக்கிறது என்று எண்ணிப் படகை எடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பருவக்காற்று மூன்று மாதம் வீசுகிறது. அப்படியானால் அலையும் மூன்று மாதம் வளர்ந்துகொண்டே போகுமா?

போகாது. ஓர் அலை காற்றின் வேகத்தை எட்டிப்பிடித்துவிட்டால் காற்றால் அதை மேலும் தள்ள முடியாது. அதோடு, செங்குத்தாகிவிட்ட அலைகள் நுரைத்து உடைந்து ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். வரவும் செலவும் சமமாகும் அந்த நிலையில் வளர்ச்சி நின்றுவிடும். மிதமான காற்றுக்கு அந்த நிலையை எட்ட ஒரு நாளும் சில நூறு கிலோமீட்டரும் பெரும்பாலும் போதும்.

நெடுநாள் வீசுவதால் மட்டும் பருவக்காற்று அலையை மேலும் பெரிதாக்கிவிடுவதில்லை. ஒரே அளவு அலையை, ஒரே திசையிலிருந்து, வாரக்கணக்கில் இடைவிடாமல் தருகிறது. ஒரு புயல் இரண்டு நாளில் கடந்து போய்விடும். ஜூலை மாதத்து அரபிக்கடல் எங்கேயும் போகாது.

பருவக்காற்றும் வியாபாரக் காற்றும் ஒன்றா?

இல்லை. வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுவது. வடக்கே வடகிழக்கிலிருந்தும் தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வரும். பருவத்துக்கு ஏற்ப வலுவும் இடமும் கொஞ்சம் மாறும், திசை பெரும்பாலும் மாறாது. பருவக்காற்று அப்படியல்ல, அரை ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். பெரிய நிலப்பரப்பு கோடையில் கடலைவிட வேகமாகச் சூடாகி, குளிர்காலத்தில் வேகமாகக் குளிர்வதுதான் இதன் அடிப்படை. அதனால்தான் ஆசியா போன்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில் இது இவ்வளவு பலமாக இருக்கிறது.

மான்சூன் என்ற சொல்லே 'பருவம்' என்று பொருள்படும் மௌசிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பருவக்காற்று என்கிறோம், அதே யோசனை. போதாததற்கு வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை என்று திசைக்கொரு பெயரும் வைத்திருக்கிறோம். எந்த மாதத்தில் எந்தப் பெயர் வீசும் என்று தெரிந்தவருக்கு அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் தெரியும்.

அரபிக்கடல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏன் அவ்வளவு கொந்தளிக்கிறது?

வெப்பமண்டலக் கடல்களில் பருவத்துக்குப் பருவம் இவ்வளவு முகம் மாறும் கடல் வேறில்லை என்றே சொல்லலாம்.

தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டை ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கடக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம் ஒரு சுவர்போல் நின்று அதை மேற்கே சிதறவிடாமல் ஒடுக்குகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்புகிறது. ஒடுங்கித் திரும்பிய அந்தக் காற்று சோமாலியாவுக்கு அப்பால் கடலின்மேல் ஒரு தாரையாகப் பாய்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். 1960களில் இதை விரிவாக ஆராய்ந்த ஜான் ஃபைண்ட்லேட்டரின் பெயரால் இது ஃபைண்ட்லேட்டர் தாரை எனப்படுகிறது.

அந்தத் தாரைக்குக் கீழே கடல்பரப்பிலும் காற்று பலமாக வீசும். அதற்கு முன்னால் இந்தியக் கரைவரை சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் திறந்த கடல். வேகம், நேரம், தூரம் என்று கேட்டோமே, மூன்றும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. ஜூலையில் அரபிக்கடலின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் மூன்று நான்கு மீட்டர் அலை என்பது புயல் செய்தி அல்ல, வழக்கமான நாள். அரபிக்கடலின் மேற்கு முனையில் உள்ள சொகோத்ரா தீவுக்கு முன்பெல்லாம் இந்த மாதங்களில் படகே போக முடியாது. தீவு உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும்.

அப்புறம் நவம்பர் வந்தால் காற்று வடகிழக்கிலிருந்து, வறண்டு, மெதுவாக வீசும். அதே இடத்தில் அலை ஒரு மீட்டர் சுமாருக்கு இறங்கிவிடும். பாய்மரக் காலத்து வணிகர்கள் இந்தக் காற்றைப் பிடித்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், தென்மேற்குக் காற்றில் திரும்பினார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். சரிதான், ஆனால் ஒரு சின்னத் திருத்தம். தென்மேற்குக் காற்றின் உச்சத்தில் யாரும் கிளம்ப விரும்பவில்லை. அது தொடங்கும்போதோ தணியும்போதோதான் பயணம். நடுவில் இந்திய மேற்குக் கரைத் துறைமுகங்கள் பல மூடியே கிடந்தன.

வங்காள விரிகுடாவிலும் அதே பருவக்காற்றுதானே? அங்கே ஏன் குறைவு?

அதே காற்றுதான், ஆனால் தாரையின் முழு வீச்சு அங்கே எட்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் விரிகுடாவின் நடுவில் இரண்டு மூன்று மீட்டர் அலைகள் இருக்கும். அவற்றில் தெற்கிலிருந்து உருண்டு வரும் தூரத்து அலைகளின் பங்கும் கணிசம். வடகிழக்குப் பருவத்தில் அலைகள் நெருக்கமாக, குட்டையாக, எரிச்சலூட்டும் விதத்தில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல், மே மாதங்களிலும் உருவாகும் புயல்களின் அலைகளைப் பருவக்காற்றின் கணக்கில் எழுதக் கூடாது, அது தனிக் கணக்கு.

எல்லா இடத்திலும் ஜூலைதான் மோசமான மாதமா?

தென் சீனக் கடலுக்குப் போனால் நாட்காட்டி அப்படியே தலைகீழ். அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் கடலைப் புரட்டுகிறது. சைபீரியாவின்மேல் தேங்கும் குளிர்காற்று அவ்வப்போது அணை உடைந்ததுபோல் தெற்கே பாய்கிறது. தைவான் பக்கத்திலிருந்து மலேசியா, போர்னியோ வரை நீண்டு கிடக்கும் கடலின் நீளவாக்கிலேயே அது வீசுவதால், அலைக்கு ஓடுவதற்கு வேண்டிய தூரம் கிடைத்துவிடுகிறது. அதே கடலின் குறுக்காக வீசியிருந்தால் இத்தனை உயரம் வராது. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரத் தீவுகளில் அந்த மாதங்களில் விடுதிகள் மூடிவிடுகின்றன. எதிர்ப்பக்கம், மேற்குக் கரையில், சுமத்ரா தீவு மறைத்துக்கொள்வதால் கடல் சாதுவாக இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

கரீபியக் கடலுக்கு இன்னொரு கணக்கு. அங்கே கொலம்பியாவுக்கு வடக்கே வியாபாரக் காற்று ஒரு தாரையாக இறுகி, ஆண்டில் இருமுறை உச்சம் தொடுகிறது: ஜூலையிலும், ஜனவரி பிப்ரவரியிலும்.

வியாபாரக் காற்று வீசும் கடல்களில் அலை எப்படி இருக்கும்?

சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி. ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர், ஏழெட்டு விநாடி இடைவெளி, கிழக்குப் பக்கத்திலிருந்து, நாளுக்கு நாள். பசிபிக் தீவுகளில் காற்றுப் பக்கக் கரையும் மறைவுக் கரையும் இரண்டு வேறு உலகங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

விதிவிலக்கு என்றால் மெக்சிகோவின் தெஹுவாண்டெபெக் வளைகுடா. குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவில் தேங்கும் குளிர்காற்று மலைத்தொடரின் ஒரே இடைவெளி வழியாகப் பிதுங்கி, பசிபிக் பக்கம் புயல் வேகத்தில் கொட்டும். தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள்மேல் வடக்கிலிருந்து கிளம்பும் புதிய அலைகள் நேருக்கு நேர் மோதும். வானம் தெளிவாக நீலமாக இருக்கும், கடல் வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கிடக்கும்.

காற்றே இல்லை, ஆனால் கரையில் பெரிய அலை அடிக்கிறது. எப்படி?

அது விருந்தாளி அலை. மாலுமிகள் ஸ்வெல் என்பார்கள். இங்கே தூரத்து அலை என்று சொல்லிக்கொள்வோம். காற்று ஓய்ந்த பின்னும், காற்று வீசிய இடத்தை விட்டு வெளியேறிய பின்னும், அலை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆழ்கடலில் நீளமான அலைக்கு உராய்வு இழப்பு மிகக் குறைவு.

ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் இடைவெளியைப் பொறுத்தது. நீண்ட இடைவெளி என்றால் அதிக வேகம். 5 விநாடி அலையின் ஆற்றல் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும், மிதிவண்டி வேகம். 15 விநாடி அலையின் ஆற்றல் மணிக்கு 42 கிலோமீட்டர், அதாவது ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர். ஆகவே ஒரே புயலில் பிறந்த அலைகள் வழியில் பிரிந்துவிடும். 6,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 விநாடி அலைகள் ஐந்தாம் நாள் வரும், 15 விநாடி அலைகள் ஆறாம் நாள், 12 விநாடி அலைகள் ஏழரை நாள் கழித்து. கரையில் உட்கார்ந்து இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், புயல் எவ்வளவு தூரத்தில், எந்த நாளில் அடித்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். கடலியலாளர் வால்டர் மங்க் இதைத்தான் செய்தார். 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் நெடுகிலும் கருவிகளை வைத்து, தென் பெருங்கடலின் புயல்களில் பிறந்த அலைகள் பூமியின் மறுபக்கத்தில் கரையேறுவதை அவர் குழு பின்தொடர்ந்தது.

வெப்பமண்டலக் கடல்களுக்கு இந்த விருந்தாளிகளைப் பெரும்பாலும் அனுப்பிவைப்பது தெற்கே 40 முதல் 60 டிகிரிவரை உள்ள அந்தத் தென் பெருங்கடல்தான். அங்கே ஆண்டு முழுக்கப் புயல். நம் தென்மேற்குப் பருவம் நடக்கும் மாதங்கள் அங்கே குளிர்காலம் என்பதால், இரண்டு அலைகளும் ஒரே சமயத்தில் உச்சம் தொடுகின்றன.

கள்ளக்கடல் என்பது இதுதானா?

இதேதான். வானம் தெளிவு, காற்று இல்லை, முன்னறிகுறி எதுவும் இல்லை. திடீரென்று கடல் ஏறி வந்து வீட்டு வாசலைத் தொடும். கள்ளனைப்போல் வருவதால் கேரளக் கரை மீனவர்கள் வைத்த பெயர் இது. 2012இல் யுனெஸ்கோ இதை அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. பருவக்காற்று தொடங்குமுன், ஏப்ரல் மே மாதங்களில்தான் இது அதிகம் பேசப்படும். கடல் அமைதியாக இருக்கும் காலம் என்பதால் அப்போது வந்தால் பளிச்சென்று தெரிகிறது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் தெற்கே புயல் உருவானதுமே கணித்து எச்சரிக்கை விடுகிறது. அலை வந்து சேர நாட்கள் ஆகும் என்பதால் எச்சரிக்க அவகாசமும் இருக்கிறது. சுனாமியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நிலநடுக்கத்தின் பிள்ளை.

கையில் கடிகாரம் மட்டும் இருக்கிறது. எது எந்த அலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பாறை, ஒரு கம்பம், நங்கூரமிட்ட மிதவை. ஒரு முகடு அதைக் கடக்கும்போது 'பூஜ்யம்' என்று தொடங்கி பத்தாவது முகடு கடக்கும்வரை நேரம் பாருங்கள். பத்தால் வகுத்தால் இடைவெளி. மொத்தம் 45 விநாடி ஆனால் நாலரை விநாடி அலை. பக்கத்தில் வீசும் காற்றின் வேலை. 140 விநாடி ஆனால் 14 விநாடி அலை, வெகுதூரத்து விருந்தாளி. பத்து விநாடியைச் சுற்றி வந்தால் முடிவுக்கு வர அவசரப்பட வேண்டாம், பலமான பருவக்காற்றும் அந்த அளவு அலையைத் தரும்.

பெரும்பாலான நாட்களில் இரண்டும் கலந்தே இருக்கும். கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றால் தெரியும்: அகலமான, வழவழப்பான, நேர்கோட்டு மேடுகள் ஒரு திசையில் மெதுவாகப் போகும், அவற்றின் முதுகில் குட்டியான, கூரான, நுரை தெறிக்கும் அலைகள் வேறு திசையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏழாவது அலைதான் பெரியது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி எண்ணிக்கை கிடையாது. கிட்டத்தட்ட ஒரே இடைவெளி உள்ள அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது சில இடத்தில் கூடும், சில இடத்தில் கழியும். அதனால் பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் ஓர் அமைதி வரும். ஏழு, ஒன்பது, பதின்மூன்று எதுவாகவும் இருக்கலாம்.

'3 மீட்டர் அலை' என்று அறிக்கை சொன்னால் 3 மீட்டருக்கு மேல் வராதா?

வரும். தாராளமாக வரும். அறிக்கையில் சொல்லும் எண் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்'. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றுக்குப் போட்ட சராசரி. பழகிய மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரம் ஏறக்குறைய இதற்கு ஒத்துப்போகும். இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்க அலையைக் கணிக்க வேண்டியிருந்தபோது கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பும் மேலே சொன்ன மங்க்கும் இந்த அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சில மணி நேரம் காத்திருந்தால் இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அலை வந்து போகும். 3 மீட்டர் என்றால் 5, 6 மீட்டருக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். அறிக்கைகளிலேயே மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டு பருவங்களுக்கு நடுவில் கடல் ஓய்ந்துவிடுமா?

அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று சும்மாவா சொன்னார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் காற்று தயங்கும், காற்றலை அடங்கும், தூரத்து அலைகள் மட்டும் மெதுவாக வந்துகொண்டிருக்கும். அதோடு கடற்காற்று: நிலம் சூடேறிய பின், நண்பகல் தாண்டி வீசத் தொடங்கி, மாலைக்குள் நெருக்கமான குட்டி அலைகளை எழுப்பிவிட்டு இரவில் அடங்கும். காலையில் கண்ணாடி, மாலையில் கலகலப்பு. பருவக்காற்றின் உச்சத்தில் இந்தத் தினசரி ஏற்ற இறக்கம் பெரும் காற்றில் கரைந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது.

அரபிக்கடலுக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. குளிர்கால மாதங்களில் பாரசீக வளைகுடாப் பக்கம் ஷமால் என்ற வடமேற்குக் காற்று அடிக்கும்போது, அதில் பிறந்த அலைகள் அமைதியான கடலைக் கடந்து இந்திய மேற்குக் கரைவரை வந்துவிடும்.

மழை பெய்தால் அலை அடங்குமா?

சிற்றலைகள் அடங்கும். கொட்டும் மழைத்துளிகள் மேல்பரப்பைக் கலக்கிச் சிறிய அலைகளை மட்டுப்படுத்துவதால் கடல் சற்றே மழுங்கித் தெரியும். பெரிய அலைகள் கண்டுகொள்ளாது.

பருவ அலைகள் கரையை என்ன செய்கின்றன?

மணலைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கின்றன. செங்குத்தான, நெருக்கமான பருவ அலைகள் கரையிலிருந்து மணலை அரித்து, கொஞ்சம் தள்ளி நீருக்கடியில் மேடாகக் குவிக்கின்றன. பருவம் முடிந்து தாழ்ந்த, நீண்ட அலைகள் வரும்போது அதே மணல் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. ஆகஸ்டில் கரை காணாமல் போய்விட்டது என்று பதறி, ஜனவரியில் போய்ப் பார்த்தால் பழைய இடத்தில் இருக்கும்.

மாலத்தீவின் சின்னத் தீவுகளில் இது இன்னும் வேடிக்கை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குப் பக்க மணல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பி வரும். தீவு அங்கேயே நிற்க, கடற்கரை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வலம் வருகிறது. நடுவில் ஒரு கல்சுவரோ அலைத்தடுப்போ கட்டிவிட்டால் இந்த வலம் அறுந்துபோகும்; ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் அரிக்கும்.

கேரளத்தில் சாகரா எனப்படும் சேற்றுத் திட்டுகளையும் சொல்ல வேண்டும். பருவ அலைகள் அடிமட்டச் சேற்றைக் கிளறிவிட, கூழான அந்தச் சேறு மேலே வரும் அலையின் ஆற்றலையே உறிஞ்சிவிடுகிறது. சுற்றிலும் கடல் இரைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் ஏரிபோல் கிடக்கும். மீனவர்கள் அங்கே வலை வீசுவார்கள். தென் அமெரிக்காவில் கயானா கரையோரமும் அமேசான் கொண்டுவந்து தள்ளும் சேறு இதே வேலையைச் செய்கிறது.

எல் நினோ வந்தால் அலை மாறுமா?

மாறும். எல் நினோ என்பது நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகளில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. அப்போது பசிபிக்கில் வியாபாரக் காற்று தளர்வதால் அதன் காற்றலைகள் தணியும். அதே சமயம் வட பசிபிக்கின் குளிர்காலப் புயல் பாதை தெற்கேயும் கிழக்கேயும் நகர்வதால், அமெரிக்க மேற்குக் கரையில் பெரும் அலைகள் அடிக்கும். 1982–83, 2015–16 இரண்டும் அப்படிப்பட்ட குளிர்காலங்கள். நீண்டகாலப் போக்கைப் பொறுத்தவரை, செயற்கைக்கோள் பதிவுகளில் தென் பெருங்கடலின் காற்றும் அலையும் சிறிதளவு கூடியிருப்பது தெரிகிறது. அங்கே கூடினால் இங்கே வரும் தூரத்து அலையிலும் அது தெரியாமல் போகாது.

அந்தச் செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்திலிருந்து அலையை எப்படி அளக்கிறது?

ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிறது. தட்டையான கடலிலிருந்து எதிரொலி சட்டென்று திரும்பும். அலை இருந்தால் முகடுகளிலிருந்து முதலிலும் பள்ளங்களிலிருந்து பின்னாலும் திரும்புவதால் எதிரொலி இழுபட்டு வரும். எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு உயரம். 1978இல் சீசாட் என்ற செயற்கைக்கோள் இதைச் செய்து காட்டியது; 1992க்குப் பின் தொடர்ச்சியான அளவீடுகள் இருக்கின்றன. ஆனால் இடைவெளியையும் திசையையும் நேரடியாக அறிய, ஏறி இறங்கிக்கொண்டு கடலிலேயே கிடக்கும் மிதவைக்கு இணை இன்னும் இல்லை.

அமைதியாகத்தான் தெரிகிறது. பாறைமேல் ஏறி நிற்கலாமா?

எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்? நெருக்கமான காற்றலை என்றால் இரண்டு நிமிடம் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். நீண்ட தூரத்து அலை அப்படியல்ல. பெரிய அலைக் கூட்டம் ஒன்று வந்து போனபின் அடுத்தது வரப் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். நடுவில் கடல் சாதுவாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பாறை எதுவரை ஈரமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் நிற்க நினைக்கும் இடமும் ஈரமாக இருந்தால், தண்ணீர் அங்கே சற்றுமுன் வந்து போயிருக்கிறது.